பழைய கை டிரில்லை வீட்டுப் பட்டறையில் பழுதுபார்ப்பது: முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலுமினிய உடம்புள்ள கனத்த கை டிரில்கள் இன்னும் எடைக்குக் கிடைக்கின்றன. தொழிற்சாலைகள் கழித்துவிட்டவை. 13 மில்லிமீட்டர் சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் முன்பகுதி), ஒரே வேகம், நல்ல எடை. காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் ஒரு மேசையும் வைஸும் போட்டு இவற்றைப் பல ஆண்டுகளாகச் சரிசெய்து வருகிறேன். ஐ.டி.ஐ. மாணவர்களும் அக்கம்பக்கத்து இளைஞர்களும் கற்றுக்கொள்ள வருவார்கள். கைத்திறனில் குறை இருக்காது, வரிசையில்தான் சறுக்குவார்கள். வாங்கி வந்தவுடன் பிளக்கில் செருகிப் பார்ப்பார்கள். உள்ளே என்ன நிலை என்று தெரியாத பொருளுக்கு 230 வோல்ட் கொடுத்தால், காப்பாற்றியிருக்கக் கூடிய ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும், காயில் கட்டிய பகுதி) அந்த ஒரு நொடியில் புகைந்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டியில் மின்சாரம் கடைசியில்தான் வரும்.

பிளாஸ்டிக் உடம்புள்ள டிரில்லுக்கும் இதே முறைதான். மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## 1. வாங்கும் முன்பே பார்க்க வேண்டியவை

முதலில் பெயர்ப்பலகையில் வோல்ட் எவ்வளவு என்று படியுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த டிரில்களில் 110 வோல்ட் உண்டு. அதை நம் வீட்டு பிளக்கில் செருகினால் கதை அன்றே முடிந்தது.

சக்கைக் கையால் சுற்றுங்கள். பற்கள் உரசும் மெல்லிய இழுப்பு இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் முட்டி நின்றால் கியர் பல் உடைந்திருக்கும். சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஸ்பிண்டிலின் (சக் மாட்டிய தண்டு) பேரிங் அல்லது புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்திருக்கிறது. அதை மாற்றிவிடலாம்.

கடைசியாகக் காற்றுத் துளையில் மூக்கை வைத்து முகருங்கள். கருகிய வார்னிஷ் நெடி ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. அது கடுமையாக அடித்தால் காயில் கட்டும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு விலை பேசுங்கள்.

## 2. மேசையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், சரியான அளவுத் திருப்புளிகள், சர்க்கிளிப் பிளையர், சிறிய இருகால் பேரிங் புல்லர், ரப்பர் சுத்தியல், 400 எண் உப்புத்தாள், பழைய பல் துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெய், லித்தியம் கிரீஸ். 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி) இருந்தால் மிக நல்லது. விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் காயில் கட்டும் கடையில் காட்டி அளந்துகொள்ளலாம்.

சீரிஸ் போர்டு கட்டாயம் வேண்டும். ஃபேஸ் ஒயர் ஒரு குண்டு பல்பு வழியாகச் சென்று சாக்கெட்டுக்கு வரும்படி ஒரு மரப்பலகையில் செய்துகொள்ளுங்கள். டிரில்லுக்கு 100 வாட் பல்பு இரண்டை இணையாக மாட்டுவது என் வழக்கம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழை சூடேறும்போது தடை கூடி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதுதான் இந்தப் போர்டின் பயனே. அது குண்டு பல்பில் மட்டுமே நடக்கும்.

ஒரு முட்டை அட்டையும் எடுத்து வையுங்கள். திருகுகளைக் கழற்றும் வரிசையில் குழிக்கு ஒன்றாகப் போட்டுவந்தால், பூட்டும்போது அதே வரிசையைத் திருப்பினால் போதும். இந்த டிரில்களில் திருகுகள் ஒரே நீளத்தில் இருக்காது. நீளத் திருகைக் குட்டைத் துளையில் முடுக்கினால் அதன் முனை ஃபீல்டு காயிலை (ஆர்மேச்சரைச் சுற்றி அசையாமல் நிற்கும் காயில்) குத்திவிடும்.

## 3. மின்சாரம் கொடுக்காமல் முதல் சோதனை

மல்டிமீட்டரை ஓம் அளவையில் வைத்து, பிளக்கின் இரண்டு முனைகளிலும் கம்பிகளை வைத்து, சுவிட்சை அழுத்துங்கள். சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டினால் சுற்று முழுமையாக இருக்கிறது. (வேகம் மாற்றும் மின்னணு சுவிட்ச் உள்ள டிரில்லில் இந்த அளவீடு நம்பத்தக்கதல்ல, சுவிட்சுக்குப் பின்னால் அளக்க வேண்டும்.) ஒன்றுமே காட்டாவிட்டால் ஒயர், சுவிட்ச், கார்பன் (சுற்றும் ஆர்மேச்சரை உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) என்ற வரிசையில் தேடுங்கள். அதிகம் கெடுவது அந்த வரிசையில்தான். கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் ஒயரை வளைத்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தால், உள்ளே அறுந்த இழை காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து இன்சுலேஷன். பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் முனைகள் இரண்டையும் ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டி, மெகரின் ஒரு முனையை அதிலும் மறு முனையை உடம்பின் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் வையுங்கள். பிளாஸ்டிக் உடம்பானால் சக்கில் வையுங்கள். சுவிட்ச் அழுத்தியபடியே இருக்கட்டும். 2 மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டும் டிரில்லுக்கு நான் மின்சாரம் கொடுப்பதில்லை. இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டாமல் அவற்றுக்கு நடுவே மெகர் வைப்பவர்கள் உண்டு. மின்னணு சுவிட்ச் இருந்தால் அது போய்விடும்.

## 4. எல்லாவற்றுக்கும் முன் கார்பன்

உடம்பின் இரு பக்கமும் உள்ள மூடிகளைத் திருகி எடுத்து, இரண்டு கார்பன்களையும் வெளியே எடுத்து வையுங்கள். மூடி வெளியே இல்லாத டிரில்லில் பின்மூடியைத் திறந்தவுடன் ஸ்பிரிங்கைத் தூக்கி எடுக்க வேண்டும்.

ஏன் முதலில்? ஆர்மேச்சரை வெளியே இழுக்கும்போது கார்பன் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் உள்நோக்கிப் பாய்கிறது. பிறகு பேரிங்கின் விளிம்பு அதில் மோதும். போன கோடையில் சத்துவாச்சாரியிலிருந்து வந்த ஒரு தம்பி, மூடிகளை மறந்து ஆர்மேச்சரை இழுத்தான். 'டக்' என்று ஒரு சிறு சத்தம். கையில் வந்த ஆர்மேச்சரோடு கார்பனின் மூலை ஒன்று அரிசிமணி அளவில் உடைந்து மேசையில் விழுந்தது. "அண்ணா, இது எங்கிருந்து வந்தது?" என்றான். நல்ல நீளம் மிச்சமிருந்த கார்பன். அந்த மாதிரிக்கு வேறு கார்பன் தேடி ஒரு வாரம் போயிற்று.

எடுத்த கார்பனுக்கு எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். மறுபடி பயன்படுத்துவதானால் அதே பக்கம், அதே முகமாகவே போக வேண்டும். அதன் வளைவு கம்யூட்டேட்டரோடு (ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செம்புத் தகட்டு உருளை) சேர்ந்து தேய்ந்து உருவானது. நீளம் 6 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் மற்ற பக்கத்து ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்திருக்கிறதா, கார்பன் கூட்டில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். காரணத்தைத் தேடாமல் புதுக் கார்பன் போட்டால் மூன்று மாதத்தில் திரும்பவும் இதே மேசைக்கு வரும்.

## 5. சக்கைக் கழற்றுதல்

சக்கின் தாடைகளை முழுதும் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். இரு திசையிலும் சுற்றும் டிரில்லானால் அடியில் ஒரு திருகு தெரியும். அது இடது மரை. வலப்பக்கம், அதாவது கடிகாரமுள் திசையில் சுற்றினால்தான் கழலும். இடப்பக்கம் முழு பலத்தோடு திருகித் தலையை மழுக்கியவர்களை எண்ணி மாளாது.

திருகு போன பிறகு சக் சாதாரண மரையில் இருக்கும். பெரிய எல் சாவியை சக்கில் கடிக்கவைத்து, அதன் நீளக் கையை ரப்பர் சுத்தியலால் இடஞ்சுழியாகச் சட்டென்று ஒரே தட்டு தட்டுங்கள். மெதுவாக அழுத்தினால் அந்தப் பலம் முழுதும் கியர் பற்களில் போய் இறங்கும்.

சக்கைக் கழற்றும் தேவை இல்லாத டிரில்களும் உண்டு. கியர் பெட்டி அப்படியே முன்னால் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள்.

## 6. பிரிப்பதும் சுத்தம் செய்வதும்

ஒவ்வொரு மூடியைத் திறக்கும் முன்பும் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். உலோக உடம்பானால் மூடியும் உடம்பும் சேரும் கோட்டின் குறுக்கே ஆணியால் ஒரு கீறல் போடுங்கள். பூட்டும்போது இரண்டு கீறலும் சேர்ந்தால் சரி. ஃபீல்டு காயிலிலிருந்து வரும் ஒயர்களைக் கழற்றினால் நிற நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றை மாற்றி இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், தீப்பொறியும் கூடும்.

இனி நம் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லை. தோல் தொழிற்சாலைகளிலிருந்து வரும் டிரில்களுக்குள் வெள்ளையாக ஒரு படிவு இருக்கும். பச்சைத் தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு காற்றோடு உள்ளே போய்ப் படிந்தது அது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் மழைக்காலத்தில் மெகர் அளவு தரைமட்டத்துக்கு வந்துவிடும். மண்ணெண்ணெய் உப்பைக் கரைக்காது. பலர் அதிலேயே கழுவிவிட்டு ஏன் அளவு ஏறவில்லை என்று கேட்பார்கள். வாலை நீரில் (காய்ச்சி வடித்த நீர்) நனைத்த பிரஷால் உப்பைத் துடைத்தெடுத்து, உடனே நன்றாக உலர்த்த வேண்டும். மண்ணெண்ணெய் கிரீஸ் படிந்த கியருக்கும் உடம்புக்கும் மட்டும்தான். காயிலில் அதை ஊற்றாதீர்கள்.

உலர்த்துவதற்கு வேலூர் வெயிலை மிஞ்சிய அடுப்பு எனக்குத் தெரியாது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் மொட்டை மாடியில் கறுப்புத் துணி விரித்து ஆர்மேச்சரையும் ஃபீல்டையும் இரண்டு நாள் வையுங்கள். சாயங்காலம் பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். அப்படிக் காயவைத்த ஒன்று 0.3 மெகாஓமிலிருந்து 20-க்கு மேல் ஏறியதை என் கொட்டகைச் சுவரில் இன்றும் எழுதி வைத்திருக்கிறேன். கார்த்திகை மழையானால் தகரப் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, காயில் அதில் படாமல் ஒரு நாள் வையுங்கள். கேஸ் அடுப்பு, வெப்பக்காற்றுத் துப்பாக்கி இரண்டும் வேண்டாம், வார்னிஷ் உதிர்ந்துவிடும்.

## 7. ஆர்மேச்சரைப் படித்தல்

இந்த வேலையின் இதயம் இதுதான். இங்கே அரை மணி நேரம் கூடுதலாகச் செலவிடுங்கள்.

முதலில் கண்ணால். கம்யூட்டேட்டர் செம்புத் தகடுகள் சாக்லேட் நிறத்தில் சீராக இருந்தால் ஆரோக்கியம். அந்தப் படலத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். கார்பன் வழுக்கி ஓட உதவுவது அதுதான். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு தகடுகளின் விளிம்பு மட்டும் கருகி அரித்திருந்தால், அங்கே இணைந்த காயில் அறுந்திருக்கக் கூடும். தகடுகளின் பின்முனையில் ஒயர் பற்றவைத்த இடத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பல நேரம் அறுந்திருப்பது அந்த முடிச்சில்தான். அங்கே மட்டும் மறுபடி பற்றவைத்தால் ஆர்மேச்சர் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து மீட்டர். அடுத்தடுத்த இரண்டு தகடுகளுக்கு இடையே அளந்துகொண்டே ஒரு முழுச் சுற்று வாருங்கள். அளவு எவ்வளவு என்பதைவிட எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதே கேள்வி. ஓரிடத்தில் மட்டும் பல மடங்கு கூடினால் அங்கே அறுந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் குறைந்தால் சுற்றுகள் ஒட்டிப்போயிருக்கின்றன. மலிவான மீட்டரில் குறைவு சரியாகத் தெரியாது. சந்தேகம் இருந்தால் காயில் கட்டும் கடைக்கு எடுத்துச் சென்று குரோலரில் (காயிலில் ஒட்டிப்போன சுற்றைக் காட்டும் காந்தக் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டிப்போன காயில் உள்ள பள்ளத்தின்மேல் ஆக்சா பிளேடைப் பிடித்தால் அது கடகடவென்று அதிரும். கடைசியாகத் தண்டுக்கும் தகடுகளுக்கும் இடையே மெகர். அங்கே கசிவு இருந்தால் காயவைத்து மறுபடி அளந்து, அப்போதும் ஏறாவிட்டால் புதிதாகக் கட்ட வேண்டியதுதான்.

எல்லாம் நன்றாக இருந்து மேற்பரப்பு மட்டும் கரடுமுரடாக இருந்தால் உப்புத்தாளை ஒரு பட்டையாகக் கிழித்து, ஆர்மேச்சரைச் சுற்றிக்கொண்டே லேசாகப் பிடியுங்கள். எமரித் துணியைக் கொண்டுவராதீர்கள். அதன் கடினத் துகள் மென்மையான செம்பில் பதிந்து, ஓடும்போது கார்பனை அரம்போல் அராவும். பள்ளம் ஆழமாக விழுந்திருந்தால் லேத் பட்டறையில் மெல்லியதாக ஒரு வெட்டு கொடுத்து வாங்கி வாருங்கள்.

வெட்டிய பிறகு தகடுகளுக்கு நடுவில் உள்ள மைக்கா செம்போடு சமமாக நிற்கும். அதை அரை மில்லிமீட்டர் அளவு தாழ்த்த வேண்டும். மைக்கா செம்பைவிட மெதுவாகத் தேய்வதால், தாழ்த்தாவிட்டால் சில நாளில் அது மேலே துருத்திக் கார்பனைத் தூக்கி எறியும். ஆக்சா பிளேடின் உடைந்த துண்டைக் கிரைண்டரில் மெலிதாக்கிக்கொண்டு ஒவ்வொரு இடைவெளியாக இழுங்கள். பின் பிரஷால் துடைத்து, செம்புத் தூள் எங்கும் பாலம் போட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

## 8. பேரிங்

பேரிங்கை விரலில் மாட்டி மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் தட்டுப்பட்டால் மாற்ற வேண்டும். எண் அதன் பக்கத்திலேயே பொறித்திருக்கும். 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். 6201 என்றால் 12, 32, 10. எண் அழிந்திருந்தால் இந்த மூன்று அளவையும் வெர்னியரில் எடுத்துக்கொண்டு பேரிங் கடைக்குப் போனால் போதும். பின்னால் வரும் இசட்இசட் தகர மூடியைக் குறிக்கிறது, 2ஆர்எஸ் ரப்பர் மூடியை. கார்பன் தூள் கொட்டும் பக்கத்துக்கு நான் ரப்பர் மூடியே போடுவேன்.

கழற்ற புல்லர்தான். திருப்புளி கொடுத்து நெம்பினால் ஆர்மேச்சர் தண்டில் உள்ள குளிர்விக்கும் விசிறியின் இதழ் உடையும்.

ஏற்றும்போதுதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். தண்டில் ஏற்றுகையில் பலம் உள்வளையத்தில் மட்டும் விழ வேண்டும். உடம்பின் குழியில் இறக்குகையில் வெளிவளையத்தில் மட்டும். வெளிவளையத்தைத் தட்டித் தண்டில் ஏற்றினால் அந்த அடி முழுதும் குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கும். ஆர்மேச்சர் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றுவது. புது பேரிங் முதல் நாளே ஊளையிடும். உள்வளையத்துக்குச் சரியான சாக்கெட் ஒன்றை வைத்து, தண்டின் மறுமுனையை மரக்கட்டையில் தாங்கி, வைஸைத் திருகித் திருகி மெதுவாக அழுத்துங்கள். கம்யூட்டேட்டரை வைஸில் பிடிக்கவே கூடாது.

சில பழைய டிரில்களில் ஸ்பிண்டிலுக்கு பேரிங் இருக்காது. வெண்கல புஷ் இருக்கும். தேய்வு குறைவானால் எண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டுப் பூட்டலாம்.

## 9. கியர் பெட்டி

பழைய கிரீஸை முழுதும் வழித்தெடுத்து மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பழையதன்மேல் புதியதை அப்பினால் உள்ளிருக்கும் இரும்புத் தூள் பற்களை அரைத்துக்கொண்டே இருக்கும். புதிய கிரீஸ் பெட்டியின் பாதிக்கும் குறைவாகவே போதும். நிறைத்து அடைத்தால் சூட்டில் இளகி, சீல் வழியாக மோட்டாருக்குள் புகுந்து கம்யூட்டேட்டரில் படியும். கார்பன் தூளும் கிரீஸும் சேர்ந்த பசை மின்சாரத்தைக் கடத்தும். பளிச்சென்று தீப்பொறி பறக்கும்.

## 10. ஒயரும் எர்த்தும்

உலோக உடம்புக்கு மூன்று கம்பி ஒயர் தவிர வேறு எதுவும் கூடாது. பழைய நிறத்தில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இப்போதைய நிறத்தில் பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள். பழைய டிரில்லில் புது ஒயர் இணைக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உள்ளே எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விட இரண்டு விரற்கடை நீளமாக விடுங்கள். ஒயரை யாராவது இழுத்துவிட்டால் கடைசியாகக் கழல வேண்டியது அதுதான். ஒயரைப் பிடிக்கும் கிளாம்ப் உறையின்மேல் அழுந்த வேண்டும்.

சதுரத்துக்குள் சதுரம் பொறித்த டிரில் இரட்டை இன்சுலேஷன் கொண்டது. அதற்கு இரண்டு கம்பி போதும்.

சுவிட்ச் அருகே சிறு கெப்பாசிட்டர் வீங்கியோ வெடித்தோ இருந்தால், அதே அளவில் எக்ஸ்2 வகை (நேரடி மின்சாரத்தின் குறுக்கே போடத் தகுந்த வகை) ஒன்று போடுங்கள். மின்விசிறிக் கெப்பாசிட்டர் அங்கே ஆகாது.

## 11. பூட்டுதல்

முட்டை அட்டையைப் பின்னிருந்து தொடங்குங்கள். எதிரெதிர் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஒவ்வொரு முறையும் சக்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். திடீரென்று இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். பேரிங் தன் குழியில் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது.

கார்பன் கடைசியில். கூட்டுக்குள் விரலால் தள்ளினால் தடையின்றி வழுக்கிப் போக வேண்டும். சற்றுப் பெரிய கார்பனே கிடைத்தால், கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை வைத்துத் தட்டையாகத் தேய்த்துக் குறையுங்கள். கையில் பிடித்து அராவினால் முகம் கோணலாகும்.

பூட்டிய பின் மெகரை மறுபடி வையுங்கள். எர்த் முனைக்கும் உடம்புக்கும் இடையே ஓர் ஓமுக்கும் குறைவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டும் சரியாகாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

## 12. முதல் ஓட்டம்

டிரில்லை வைஸில் துணி சுற்றிப் பிடித்து, 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) உள்ள இணைப்பில் சீரிஸ் போர்டைச் செருகி, அதில் டிரில்லை மாட்டி, சுவிட்சை அழுத்துங்கள். பல்பு முதலில் பிரகாசித்து, டிரில் மெல்லச் சுற்றத் தொடங்கியதும் மங்கினால் நல்ல அறிகுறி. பல்பு முழுதாக எரிந்து டிரில் நகராவிட்டால் ஷார்ட் அல்லது இறுக்கம். பல்பே எரியாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. புதுக் கிரீஸ் கெட்டியாக இருந்தாலும் நகராமல் நிற்கும்; சக்கைக் கையால் பத்துச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அதற்கு முன் பிளக்கைப் பிடுங்க மறக்காதீர்கள்.

சீரிஸ் போர்டிலேயே பத்து நிமிடம் ஓடட்டும். கார்பன் தன் வளைவை மெதுவாகத் தேய்த்துக்கொள்ள இந்தக் குறைந்த வேகம் உதவுகிறது. பிறகு நேரடி மின்சாரம் கொடுத்து, கொட்டகை விளக்கை அணைத்துவிட்டுக் காற்றுத் துளை வழியாகப் பாருங்கள். கார்பன் நுனியில் சின்ன நீலப் பொறி இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் உடனே நிறுத்தி ஏழாவது படிக்குத் திரும்புங்கள்.

ஐந்து நிமிடம் ஓடியதும் நிறுத்தி, பேரிங் இருக்கும் இடங்களைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் ஏதோ சாய்வாக இருக்கிறது. சரியாக இருந்தால் 6 மில்லிமீட்டர் பிட் போட்டு ஒரு பட்டை இரும்பில் நான்கைந்து துளை போடுங்கள். பேரிங் எண்கள், கார்பன் அளவு, மெகர் அளவு, தேதி நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கைப்பிடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தால், அடுத்த முறை திறப்பவர் வெர்னியரைத் தேட வேண்டியிருக்காது. அதை ஒட்டாமல் மூடியிருந்தால் இப்போதே அந்த ஒரு மூடியைத் திறந்து ஒட்டிவிடுங்கள்.